தொப்பூர்க்காரர்களுக்கு நான் வாசித்த ட்ரம்பெட்

உலகத்தில் எத்தனையோ பேர் ட்ரம்பெட் வாசித்திருக்கிறார்கள். கைதட்டல் வாங்கியிருக்கிறார்கள், மாலை வாங்கியிருக்கிறார்கள், சிலர் அடியும் வாங்கியிருக்கலாம். ஆனால் ட்ரம்பெட் வாசித்து ஒரு கல்யாணக் கூட்டத்தையே பட்டுப்புடவையோடு தக்காளித் தோட்டத்துக்குள் குதிக்க வைத்தவன் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இதில் இன்னொரு விசேஷம், அன்றைக்கு என் கையில் ட்ரம்பெட்டே கிடையாது.

நடந்தது எண்பதுகளின் கடைசியில், பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், என் அக்கா ரெஜினாவின் கல்யாணத்தன்று. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பெங்களூரில் மெல்லிசைக் குழுக்களுக்கு வாத்தியங்களை வாடகைக்கு விடும் ஒரு கடையில் வேலை. வேலை என்றால் தூசி தட்டுவது, ஒயர் சுற்றுவது, ஸ்பீக்கரை வேனில் ஏற்றி இறக்குவது. ஆனால் எங்கள் அம்மா அதை ஊருக்குள், 'அருளு பெங்களூர்ல மீசிக்கு டைரக்டரா இருக்கான்' என்று பரப்பியிருந்தாள். நானும் அதை மறுக்கவில்லை. (பெற்ற தாயைப் பொய்யாக்குவது பாவமில்லையா?)

கடையில் இருந்த கீபோர்டுகள் எல்லாவற்றிலும் ட்ரம்பெட் என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்திவிட்டுக் கட்டையைத் தொட்டால் தேர்த்திருவிழாக் கடையில் விற்கும் பீப்பீ போல ஒரு சத்தம் வரும். ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரே மாதிரி இருக்கும், உயிரே இருக்காது. ஒரு நாள் முதலாளி புதிதாக ஒரு செட்டை இறக்கினார். அதில் கட்டைகள் உள்ள கீபோர்டு தனி, சத்தம் போடும் பெட்டி தனி. இரண்டையும் ஒரு ஒயர் இணைக்கும். அந்த ஏற்பாட்டுக்கு மிடி என்று பெயர். (எங்கள் ஊரில் மிடி என்றால் டவுன் பெண்கள் போடும் பாவாடை. 'முதலாளி புது மிடி வாங்கியிருக்கார்' என்று நான் சொல்லப் போக, அவருக்கு எத்தனை பெண்கள் என்று அம்மா விசாரிக்க ஆரம்பித்தது தனிக்கதை.)

அந்தக் கீபோர்டிலிருந்து இன்னொரு மெல்லிய ஒயர் கிளம்பி ஒரு சின்னக் குழலில் முடியும். குழலைப் பல்லில் கவ்விக்கொண்டு ஊத வேண்டும். எந்தச் சுரம் என்பதைக் கட்டை சொல்லும், அதை எப்படிப் பாட வேண்டும் என்பதை மூச்சு சொல்லும். ஊதாமல் கட்டையை மட்டும் அழுத்தினால் சத்தமே வராது. மெல்ல ஊதினால் ட்ரம்பெட் தூரத்தில் எங்கோ முனகும். மூச்சைக் கூட்டினால் பித்தளை பளபளக்கிற மாதிரி எழுந்து நிற்கும். நான் முதல்முறை ஊதியபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கையில் ஒரு குண்டூசி அளவுகூடப் பித்தளை இல்லை, ஆனால் அறை முழுக்க ட்ரம்பெட். கடை சாத்திய பிறகு தினமும் அதை ஊதிப் பழகினேன். வாத்தியத்தைக் கண்டுபிடித்தவன் நானே என்பது போல ஒரு திமிரும் கூடவே வளர்ந்தது.

இப்போது அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் என்னைவிட ஆறு வயது மூத்தவள். சின்ன வயதில் எங்கள் மாதா கோயில் ஆர்மோனியத்தின் துருத்தியை இழுத்து அடிக்க என் கைக்கு எட்டாது. அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து காற்றடிப்பாள், நான் கட்டைகளைத் தேடித் தேடி அழுத்துவேன். எனக்குச் சங்கீதம் வந்தது அவளுடைய கைவலியில். அப்பேர்ப்பட்டவளுக்கு இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. இரண்டாவது சம்பந்தம் கோயிலில் ஓலை வாசித்த பிறகு, அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று சாமியார் பூசையில் அறிவித்த பிறகு, முறிந்தது. அதற்கப்புறம் அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி வரிசையில் உட்கார ஆரம்பித்தாள். அப்பா யாரோடும் பேச்சு வைத்துக்கொள்ளாமல் வயலுக்குப் போய் வந்தார். இந்த மூன்றாவது சம்பந்தமும் தவறிவிட்டால் அவள் இனி ஒப்புக்கொள்ள மாட்டாள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மாப்பிள்ளை ஆரோக்கியம், மின்வாரியத்தில் லைன்மேன். தொப்பூர்க்காரர். அப்பா இல்லை. பெரியப்பா சவரியப்பன்தான் எடுத்து வளர்த்தவர். பெரியப்பா முப்பது வருஷம் லாரி ஓட்டியவர், தொண்டையில் எப்போதும் ஒரு பீடி இருமல், வாயில் எப்போதும் சம்பிரதாயம். நிச்சயத்தன்று எங்கள் வீட்டுக்கு வந்து காபியைக்கூடத் தொடாமல் சொன்னார்:

"சம்பந்தி, எங்களுக்கு நகை வேணாம், பணம் வேணாம். பையனுக்கு அப்பன் இல்லைன்னு யாரும் ஒரு சொல்லு சொல்லிரக் கூடாது. பேண்டு வெச்சு வாசல்ல வந்து எங்க புள்ளையக் கூப்புடணும். மச்சான் மாலை போட்டு, கால் கழுவி, கையப் புடிச்சுக் கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போவணும். முறைன்னா முறைதாங்க."

அப்பா பூரித்துப் போனார். அன்றைக்கே தர்மபுரியில் ஒரு பேண்டு செட்டுக்குச் சொல்லிவிட்டார். நான் லீவில் வந்தபோது இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தேன் பாருங்கள், அந்தச் சிரிப்புக்குத்தான் இத்தனையும்.

"அப்பா, பேண்டு செட்டெல்லாம் பழைய காலம். எங்கிட்ட இருக்கிற சாமானுக்கு முன்னாடி அவுங்க நிக்க முடியாது. ஒரே ஆளு, ஒம்பது ட்ரம்பெட். நான் வாசிக்கறேன்."

"எதுக்குடா வம்பு? அந்த மனுசன் பேண்டுன்னு வாய் தொறந்து கேட்டிருக்காரு" என்றார் அப்பா.

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வாசிக்கட்டும்பா. என் கல்யாணத்துக்கு என் தம்பி வாசிக்காம யாரு வாசிக்கிறது?"

அந்த ஒரு சொல்லுக்காகப் பேண்டு செட் ரத்தானது. நான் பெங்களூர் போய் முதலாளியின் கையைக் காலைப் பிடித்து அந்த செட்டை இரவல் வாங்கினேன். அவர் கன்னடத்தில், "ஜோபானா, ஜோபானா" (பத்திரம், பத்திரம்) என்று கைக்குழந்தையைக் கொடுக்கிற மாதிரி கொடுத்தார். அதைப் பஸ்ஸில் மடியில் வைத்து, ஓசூர் தாண்டும்வரை மூச்சுகூடச் சத்தமாக விடாமல் கொண்டு வந்து சேர்த்தேன்.

கல்யாணத்தன்று காலையில் கோயில் வாசல் பந்தலுக்குக் கீழே ஒரு மேசை போட்டு அதன்மேல் கீபோர்டை வைத்தேன். வாசலை ஒட்டி ஒரு சின்ன அறை உண்டு. மைக் செட் மணி தன்னுடைய ஆம்ப்ளிஃபயரை அதற்குள்தான் வைத்திருந்தான், ஆகவே சத்தப் பெட்டியையும் அங்கேயே வைத்தோம். மிடி ஒயர் ஜன்னல் கம்பி வழியாக உள்ளே போனது. வேப்பமரத்தில் இரண்டு, கோயில் முகப்பில் இரண்டு எனக் கூம்பு ஸ்பீக்கர்கள். பிள்ளைகள் உள்ளே புகுந்து எதையாவது திருகிவிடுவார்கள் என்று மணி அறையைப் பூட்டினான். பூட்டிய சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, டியூப்லைட் இரண்டு குறைகிறதென்று மொபெட்டில் பாலக்கோட்டுக்குக் கிளம்பிவிட்டான். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, 'நல்ல பொறுப்பான ஆளு' என்று மனதுக்குள் பாராட்டவும் செய்தேன்.

குழலை வாயில் கவ்விக்கொண்டு நான் நிற்பதைப் பார்த்து அம்மா ஓடி வந்தாள்.

"ஏண்டா, ஒடம்பு சரியில்லையா? எதுக்கு வாயில தர்மாமீட்டர வெச்சிருக்க?"

"இது ட்ரம்பெட்டும்மா."

"நல்லாருக்குடா ட்ரம்பெட்டு. பால் பாட்டில் மாதிரி சப்பிக்கிட்டு நிக்காத, மாப்பிள வூட்டுக்காரங்க சிரிப்பாங்க."

வேன் வளைவில் வந்து நின்றது. தொப்பூர்க்காரர்கள் இறங்கினார்கள். முன்னால் கோட்டு சூட்டில் மாப்பிள்ளை, பக்கத்தில் சலவை வேட்டியில் பெரியப்பா, பின்னால் பட்டுப்புடவைகளும் குழந்தைகளுமாக ஒரு பெரிய கூட்டம். சாலைக்கு ஒரு பக்கம் நாங்கள், மறுபக்கம் மாதையன் கவுண்டரின் தக்காளித் தோட்டம். அன்று விடியக்காலையில்தான் அவர் தண்ணீர் பாய்ச்சியிருந்தார். பெரியப்பா அங்குமிங்கும் பார்த்தார். சிவப்புச் சட்டை இல்லை, தொப்பி இல்லை, பேண்டு செட் இருப்பதற்கான எந்த அடையாளமும் இல்லை. அவர் முகம் சுருங்குவது எனக்குத் தெரிந்தது. 'இருங்க பெரியவரே, இப்பப் பாருங்க' என்று நினைத்துக்கொண்டு ஊதினேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நன்றாகவே வாசித்தேன். மெல்ல ஆரம்பித்து, மூச்சைக் கூட்டி, ஒவ்வொரு சுரத்தையும் வளைத்து ஏற்றினேன். ஸ்பீக்கர்கள் நான்கிலும் ட்ரம்பெட் கணீரென்று பேசியது. பெரியப்பா நின்று, ட்ரம்பெட்காரன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று மரத்துக்கு மேலெல்லாம் தேடினார். மாப்பிள்ளை சிரித்தார். கோயில் கதவோரம் முக்காடு போட்டு நின்ற அக்கா கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பாட்டின் உச்சிக்குப் போய், இருக்கிற மூச்சையெல்லாம் திரட்டி, மேலே ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தினேன்.

அந்த நேரம் பார்த்து அப்பா கத்தினார். "டேய் அருளு! மாலையப் போடுறா! எவ்வளவு நேரம் அவரு நிப்பாரு?"

எங்கள் பக்கத்து முறைப்படி பெண்ணின் தம்பி மாலை போடாமல் மாப்பிள்ளை ஓரடிகூட எடுத்து வைக்கக் கூடாது. மாலையைத் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு சித்தி பக்கத்திலேயே நின்றாள். வாசிக்கிறவனும் நானே, மாலை போடுகிறவனும் நானே என்பதைப் பற்றி ஒரு வாரமாக நான் யோசிக்கவே இல்லை. திடுக்கிட்டு, ஒரு கை கட்டையிலேயே இருக்க, மறு கையால் மாலையைப் பிடுங்கிக்கொண்டு பாய்ந்தேன். குழல் பல்லுக்கிடையிலேயே இருந்தது. குழலின் ஒயர் கீபோர்டை இழுத்தது, கீபோர்டு மேசையை விட்டு வழுக்கியது, அப்பா அதைத் தாவிப் பிடித்தார். இழுத்த இழுப்பில் மிடி ஒயரின் அந்தப் பக்கத்து முனை, பூட்டிய அறைக்குள் பெட்டியிலிருந்து பிடுங்கிக்கொண்டு, ஜன்னல் வழியாக வெளியே வந்து தரையில் விழுந்தது.

அதற்கப்புறம் கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். ஊதுவதையும் நிறுத்திவிட்டேன். ட்ரம்பெட் நிற்கவில்லை.

காரணம் ரொம்பச் சின்னது. கட்டையை அழுத்தியதும் கீபோர்டு ஒயர் வழியாகப் பெட்டிக்கு, 'இந்தச் சுரத்தைப் பாடு, இவ்வளவு பலமாகப் பாடு' என்று சொல்லியிருந்தது. கையை எடுத்ததும் 'போதும்' என்று சொல்ல வேண்டும். சொல்ல ஒயர் இல்லை. பெட்டி சொன்ன பேச்சைத் தட்டாத பெட்டி. அது பாட்டுக்கு அந்த உச்சி சுரத்தை, என் முழு மூச்சின் பலத்தோடு, பிடித்துக்கொண்டே நின்றது. எங்கள் ஊர்க்காரர்கள் முதலில் வியந்தார்கள். "யப்பா, என்னா தம்மு!" என்று யாரோ கை தட்டினார்கள். குழலைக் கவ்விக்கொண்டு மாலையோடு நான் நிற்பதைப் பார்த்து இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

வேறெந்த ஊர்க்காரர்களாக இருந்தாலும் கொஞ்சம் காதைப் பொத்திக்கொண்டு நின்றிருப்பார்கள். வந்தவர்கள் தொப்பூர்க்காரர்கள். தொப்பூர் கணவாயில் லாரிகள் இறங்குவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விட்டு விட்டு ஹாரன் அடித்தால் டிரைவர் வழி கேட்கிறான் என்று அர்த்தம். விடாமல் அடித்தால் பிரேக் போய்விட்டது. இனி அவனால் செய்யக்கூடியது ஹாரனில் கையை வைத்து எடுக்காமல் இருப்பது ஒன்றுதான். அந்த ஊரில் பிள்ளைகள் அனா ஆவன்னா படிப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுகின்றன. விடாத ஹாரன் கேட்டால் யோசிக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது, சாலையை விட்டுக் குதிக்க வேண்டும்.

குதித்தார்கள். "வண்டி வருதுடோய்!" என்று ஒரு குரல், அவ்வளவுதான். பட்டுப்புடவைகள், தட்டுகள், பழங்கள், குழந்தைகள், வேன் டிரைவர் என்று மொத்தக் கூட்டமும் ஒரே தாவலில் மாதையன் கவுண்டரின் தக்காளித் தோட்டத்துக்குள் இறங்கியது. பெரியப்பா மாப்பிள்ளையின் கோட்டைப் பிடித்து அப்படியே தூக்கி வரப்புக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டு, தான் அவர்மேல் குறுக்கே விழுந்து மூடிக்கொண்டார். அதை நான் பார்த்தேன். அந்த வயதில் அத்தனை வேகம் ஒரு மனிதனுக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

லாரி வரவில்லை. ஹாரன் நிற்கவில்லை.

நாங்கள் அறைக்கு ஓடினோம். பூட்டு. ஜன்னலில் கை விட்டால் எட்டவில்லை. யாரோ புளி உலுக்கும் தொரட்டியைக் கொண்டு வந்தார்கள். சித்தப்பா அதை உள்ளே விட்டுப் பெட்டியைத் தட்டப் பார்த்து, ஆம்ப்ளிஃபயரின் திருகைத் தட்டிவிட்டார். சத்தம் இன்னும் கூடியது. வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் ஊரை விட்டே கிளம்பின. அம்மா காதைப் பொத்திக்கொண்டு, "டேய், போதும்டா, ஊதறத நிறுத்துடா!" என்று என் முதுகில் அடித்தாள். "நான் ஊதலைம்மா!" என்றேன், குழலைக் கவ்விய வாயோடு. யார் நம்புவார்கள்?

அப்போது தோட்டத்திலிருந்து மாப்பிள்ளை எழுந்தார். கோட்டில் சேறு, காதோரம் ஒரு தக்காளி. ஒரு நிமிஷம் ஸ்பீக்கரையும் ஜன்னலையும் தரையில் கிடந்த ஒயரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு யாரிடமும் ஒன்றும் கேட்காமல் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரை நோக்கி ஓடினார். கோட்டுக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு பெட்டியைத் திறந்து, பீஸ் கட்டையைப் பிடுங்கி, இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார்.

ஊரே நிசப்தம். ட்ரம்பெட் நின்றது, எங்கோ ஓடிக்கொண்டிருந்த பம்பு செட்டும் நின்றது. அந்த அமைதியில் ஒரு குழந்தை, "இன்னொரு தடவ குதிக்கலாமா?" என்று கேட்டது. யாரும் சிரிக்கவில்லை.

பெரியப்பா சேற்றிலிருந்து மெல்ல எழுந்து வந்தார். அப்பாவிடம் கத்தவில்லை, கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"சம்பந்தி, எங்க தம்பி, இந்தப் பையனோட அப்பன், அந்தக் கணவாய் ரோட்டுலதாங்க போனான். இதே மாதிரி ஒரு சத்தம். நான் மேல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். ஓடி வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு. பேண்டு வெச்சுக் கூப்புடுங்கன்னு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். அதுக்கு இப்படி வெளையாடிட்டீங்களே." பிறகு டிரைவர் பக்கம் திரும்பினார். "வேனத் திருப்புடா."

அப்பா கைகூப்பியபடி நின்றார். கோயிலுக்குள் பூத்தட்டோடு நின்ற பெண்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். இதே கோயிலில் ஓலை வாசித்து முறிந்த கல்யாணத்தை அவர்கள் எல்லோரும் பார்த்தவர்கள். என் அக்காவின் வாழ்க்கையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

அக்கா வெளியே வந்தாள். மணப்பெண் அப்படி வாசலுக்கு வரக் கூடாது. முக்காட்டைப் பின்னால் தள்ளிவிட்டு நேரே பெரியப்பாவின் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, போறதா இருந்தா போங்க. உங்கள நிறுத்த எங்களுக்கு வாயில்ல. ஆனா நீங்கதானே முறைன்னா முறைதான்னு சொன்னீங்க? மச்சான் கால் கழுவுற முறை இன்னும் முடியல. சேத்துக் காலோட உங்கள அனுப்பிச்சா எங்க அப்பா தல நிமிந்து நடக்க முடியாது. கழுவிட்டுப் போங்க." என் பக்கம் திரும்பினாள். "என்னடா பாத்துக்கிட்டு நிக்கற? தண்ணி கொண்டாடா."

பெரியப்பா தன் சேற்றுக் காலைக் குனிந்து பார்த்தார். சம்பிரதாயத்தைச் சொல்லி அவரை மடக்கியவர்கள் அதுவரை யாரும் இல்லைபோல. யாரோ நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தார்.

ஒரு மாப்பிள்ளையின் இரண்டு காலைக் கழுவுவதற்கு ஒரு செம்புத் தண்ணீர்தான் வைத்திருந்தோம். இப்போது ஒரு ஊரே காலை நீட்டிக்கொண்டு நின்றது. மாதையன் கவுண்டர் தலைதெறிக்க ஓடி வந்தார். மிதிபட்ட செடிகளைப் பார்த்தார், சேற்றில் நின்ற பெண்களைப் பார்த்தார், கண்ணில் நீர் கோத்து நின்ற என் அக்காவைப் பார்த்தார். என்ன திட்டப் போகிறாரோ என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"வுடு கண்ணு, அழுவாத" என்றார் அக்காவிடம். "தக்காளி விக்கிற வெலைக்கு மார்க்கெட்டுக்குப் போனாலும் மிதிபடத்தான் போவுது. கல்யாணத்துக்கு மிதிபட்டா புண்ணியமாவது மிஞ்சும்." தன் தொட்டியிலிருந்து மொள்ளச் சொல்லிக் குடங்களையும் வாளிகளையும் அவரே எடுத்துக் கொடுத்தார். அந்த மனிதரை நான் என் ஜெபங்களில் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொள்வது அன்றிலிருந்துதான்.

கழுவினேன். முதலில் பெரியப்பாவின் கால், அப்புறம் மாப்பிள்ளை, அப்புறம் வரிசையாக அத்தைகள், சித்தப்பாக்கள், வேன் டிரைவர் வரைக்கும். முதல் காலிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. லாரி பெடலை மிதித்து மிதித்துக் காய்த்த கால் அது.

"ஏண்டா அழுவற?" என்றார் பெரியப்பா.

"ஒங்களப் பயமுறுத்திட்டேனுங்க" என்றேன். ஆனால் அவர் காதில் விழுந்தது வேறென்னவோ. காரணம், அத்தனை அமளியிலும் நான் அந்தக் குழலைப் பல்லிலிருந்து எடுக்கவே இல்லை. கீபோர்டிலிருந்து கழன்ற அதன் ஒயர் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"மொதல்ல வாயில இருக்கறத எடு. மனுசன் மாதிரி பேசு." எடுத்தேன். அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத ஊதினா அங்க சத்தம் வருமா?"

"ஆமாங்க."

"அப்ப அது நிக்காம அடிச்சுதே, நீ ஊதினியா, அதுவா ஊதுச்சா?"

"ஊதினது நானுங்க. நிறுத்தாதது அதுங்க."

மாப்பிள்ளை முதலில் சிரித்தார். பிறகு, "ஒயரு அந்துபோச்சு பெரியப்பா. நிறுத்துன்னு சொல்ல வழியில்ல பாவம், அதான் நான் பீஸையே புடுங்கிட்டேன். பையன் மேல தப்பில்ல" என்றார். என்மேல் தப்பு மலையளவு இருந்தது. எங்கள் குடும்பத்துக்குள் இன்னும் காலே வைக்காத ஒரு மனிதர், சேற்றுக் கோட்டோடு நின்று எனக்காகப் பொய் சொன்னார். அதை நான் எந்த ஜென்மத்தில் மறப்பேன்?

பெரியப்பா தொண்டையைச் செருமினார். "அதெல்லாம் சரி. நான் பேண்டு கேட்டேன். இன்னும் பேண்டு வரல."

அதற்குள் மைக் செட் மணி இரண்டு டியூப்லைட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து சேர்ந்தான். "என்ன, கரண்ட் இல்லையா?" என்று கேட்டவனை எங்கள் சித்தப்பா பார்த்த பார்வையில் சாவி தானாகவே வெளியே வந்தது. பெட்டியைச் சரிபார்த்து ஒயர்கள் இரண்டையும் சொருகினேன். மாப்பிள்ளை போய்ப் பீஸைப் போட்டார். நான் குழலைக் கவ்வி ஊதினேன். அழுது அழுது மூச்சு துண்டு துண்டாகக் கிடந்தது. ஸ்பீக்கர்கள் நான்கிலும் ஒரு ட்ரம்பெட் விம்மியது. ஒரு விசும்பல், ஒரு விக்கல், மறுபடி ஒரு விசும்பல். மூச்சில் இருப்பதை அப்படியே காட்டும் வாத்தியம் என்று பெருமை பேசியிருந்தேன் அல்லவா, என் அழுகையை அது ஊருக்கே வாசித்துக் காட்டியது.

"கொண்டா இங்க" என்றார் பெரியப்பா. குழலைத் துண்டில் நன்றாகத் துடைத்து, தன் வாயில் வைத்துக்கொண்டார். "நீ கட்டைய மட்டும் அமுக்கு."

முதலில் வந்தது அவருடைய பீடி இருமல். ஊர் முழுக்க ஒரு ட்ரம்பெட் 'ப்ர்ர்ர்ஹ்ஹ்' என்று இருமியது. அவ்வளவுதான், அடக்கி வைத்திருந்த கூட்டம் மொத்தமும் வெடித்துச் சிரித்தது. பெரியப்பாவும் குழலோடு சிரிக்க, சிரிப்பும் ட்ரம்பெட்டில் வந்தது. அதைக் கேட்டு இன்னும் சிரித்தார்கள். பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். நான் கட்டைகளை அழுத்தினேன். அவர் மூச்சுக்குப் பின்னாலேயே என் விரல் போயிற்று. நான் பெங்களூரில் எத்தனை நாள் பழகியும் வராத ஒரு கனம் அந்தச் சத்தத்தில் வந்தது. பாதி சுரத்தில் அவருக்கு மூச்சு தீர்ந்துவிடும். பாட்டு நிற்கும், கூட்டமும் எடுத்த காலை அப்படியே நிறுத்திக்கொள்ளும். மூச்சு வாங்கி மறுபடி ஊதுவார், கூட்டம் இன்னும் நாலடி நகரும். மாலையைப் போட வேண்டிய என் கை கட்டையில் இருந்ததால், மாப்பிள்ளை, சித்தி மறுபடி தாம்பாளத்தில் வைத்திருந்ததைத் தானே எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அவர் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப்போனது எங்கள் அப்பா. முறைப்படி எதுவுமே நடக்கவில்லை. முறை தவறிவிட்டது என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் வாயில் குழலோடு கண் கலங்க ஊதிக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கும் ஆரோக்கியம் மாமாவுக்கும் இரண்டு பெண்கள், ஒரு பையன். எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனால், "மாமா, பீஸப் புடுங்குங்க" என்பார்கள். தொப்பூர்ப் பக்கத்து உறவினர்கள் என்னை விசேஷத்துக்கு வாசிக்க அழைத்தால், "தம்பி, பள்ளம் எந்தப் பக்கம்னு மட்டும் முன்கூட்டியே சொல்லிருங்க" என்று கேட்டுக்கொள்வார்கள். நான் பிற்பாடு இதையே தொழிலாக்கிக்கொண்டேன். இப்போது ட்ரம்பெட்டெல்லாம் கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டது, குழலும் மாறிவிட்டது. எத்தனையோ பாட்டுக்கு ஊதிவிட்டேன், என் பெயரும் நாலு இடத்தில் தெரியும். தொப்பூரில் மட்டும் ட்ரம்பெட் என்றால் வேறொருவர் பெயர்தான்.

பெரியப்பா அதற்குப் பிறகு பல வருஷம் நன்றாக இருந்தார். பார்க்கிறவர்களிடமெல்லாம், "எங்க புள்ள கல்யாணத்துக்குப் பேண்டு ஊதினது நான்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தக்காளித் தோட்டத்தைப் பற்றி ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. என் மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார் என்று எனக்குப் புரிய ரொம்ப நாளாயிற்று. போன வருஷம் அக்காவின் மூத்த பெண் கல்யாணத்தில் தொப்பூர்ப் பாட்டி ஒருத்தி என்னைத் தன் பேரனுக்கு அறிமுகப்படுத்தினாள்:

"இவரு யாரு தெரியுமா? உங்க தாத்தா ட்ரம்பெட் ஊதினாரே, அன்னிக்கிப் பக்கத்துல நின்னு கட்டை அமுக்கின பையன்."

"ஆமாங்க, நான்தானுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.